குதிரை சக்தி இருக்கட்டும், பிரேக் பிடிக்குமா?

சனிக்கிழமை மாலையில் ஓசூர் ரோட்டில் நின்று பார்த்தால், இருபது, இருபத்தைந்து வயதான கார்கள் சில, புதுக் கார்களை ஓரங்கட்டிவிட்டுப் பாய்ந்து போவதைக் காணலாம். சைலென்சர் சத்தம் காதைப் பிளக்கும். ஓட்டுகிறவருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு நண்பர். பின் சீட்டில் அம்மாவோ, தங்கையோ, அவள் குழந்தையோ இருப்பார்கள். ஊருக்குப் போகிறார்கள்.

இந்தக் கார்கள் அந்தக் காலத்தில் சாதாரணக் கார்கள் அல்ல. 2000-ம் ஆண்டு வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 வி.டெக் காருக்கு 106 குதிரை சக்தி. அதே ரோட்டில் ஓடிய சாதாரண மாருதி 800-க்கு 37 குதிரைதான். நம் மறைமலைநகரில் செய்த போர்டு ஐகான் 1.6, பியட் பாலியோ 1.6 ஆகியவையும் இதே வரிசையில் வந்தவைதான். அன்று அவற்றை வாங்கியவர்கள் டாக்டர்கள், ஏற்றுமதி வியாபாரிகள். இன்று அவற்றின் விலை இறங்கிவிட்டது. பீனியாவில் லேத் பிடிக்கும் தொழிலாளியும், ஆபீசில் பைல் எழுதும் குமாஸ்தாவும், புதுக் காருக்குக் கட்டுகிற முன்பணத்தில் ஏறக்குறைய இப்படி ஒன்றை வாங்கிவிட முடிகிறது.

வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல கார் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? பணக்காரனுக்கு மட்டும் வேகம் சொந்தம் என்று எழுதி வைத்திருக்கிறதா? என் கேள்வி வேறு. வாங்கிய பிறகு போடும் முதல் பத்தாயிரம் ரூபாயை எதில் போடுகிறோம்?

பெரும்பாலும் அது சைலென்சரில் போகிறது. அடுத்து பெரிய அலாய் வீல், அதற்கடுத்து கண்ணைக் கூசும் லைட். காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கையே கிரைண்டர் வைத்து வெட்டுகிறவர்களும் உண்டு. பிரேக் மட்டும் பழைய பிரேக்காகவே இருக்கும்.

தொப்பூர் இறக்கம்

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்த பிரேக் எவ்வளவு சக்தியை விழுங்க வேண்டுமோ, 85-ல் போகும் காரை நிறுத்த அதைப்போல் இரண்டு மடங்கு விழுங்க வேண்டும். 120 என்றால் நான்கு மடங்கு. வேகம் இரட்டித்தால் நிறுத்தும் வேலை நாலு மடங்கு ஆகிறது. விழுங்கிய சக்தி எல்லாம் சூடாக மாறி டிஸ்க்கிலும் டிரம்மிலும் ஏறுகிறது.

இந்தச் சூடு என்ன செய்யும் என்பதை அறிய, நம்மவர்கள் ஊருக்குப் போகும் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். தருமபுரியில் இருந்து சேலம் பக்கம் போகும்போது அது நெடுக இறக்கம். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி பத்திரிகையில் எத்தனை முறை படித்திருப்போம்! வேக மயக்கத்தில் வந்தவர் அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். முன்னால் லாரி, பக்கத்தில் பஸ்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 என்ற சாதாரண ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சூட்டுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 கொஞ்சம் மேல். அதற்கு இந்த எண்கள் 230-ம் 155-ம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். காலை மிதித்தால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ஆயில் டப்பா நிறைந்திருக்கிறதே என்று திருப்தி அடைவதில் பயன் இல்லை. ஆயில் இருக்கும், ஆனால் அதன் உயிர் போய்விட்டிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவு, குடும்பத்தோடு ஓட்டலில் ஒரு நேரம் சாப்பிடும் பில்லை ஒட்டித்தான் இருக்கும்.

ஆகவே பழைய வேகக் காரை வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது பிரேக் வேலை. நல்ல பேட், ஷூ, ரப்பர் புடைத்துப்போன ஹோசுக்குப் பதில் புது ஹோஸ், கசியும் வீல் சிலிண்டருக்குப் பதில் புதியது, பின் டிரம்மைத் திறந்து சுத்தம். காலிபர் பின் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இறுகியிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து கார் ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2019-ல்தான். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. அவசரத்தில் முழு பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் வழுக்கும். அப்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் கேட்காது.

இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்குங்கள். என்ஜினே பாதி பிரேக்.

டயரில் எழுதியிருக்கிறது

பீனியாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் காரைக் காட்ட வந்தான். புது சைலென்சர், புது ஸ்டீயரிங் உறை, கண்ணாடி போலப் பளபளக்கும் பெயிண்ட். குனிந்து முன் டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் நாலு எண்: 1114. 2014-ம் ஆண்டு 11-வது வாரத்தில் செய்த டயர் என்று அதற்கு அர்த்தம். "பட்டன் நல்லா இருக்கே அண்ணே" என்றான். பட்டன் இருக்கிறது, உண்மைதான். ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. மழை பெய்த ரோட்டில் அது பிடிக்காது. நாலு டயரின் விலையை அவன் ஏற்கனவே சைலென்சர்காரரிடம் கொடுத்துவிட்டான்.

டயரை மாற்றும்போது கொஞ்சம் அகலமாகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அளவு தெரிந்து போட்டால் போடலாம். உதாரணமாக, 14 அங்குல ரிம்மில் 175/65 டயருக்குப் பதில் 185/60 போட்டால், மொத்தக் குறுக்களவு ஐந்தரை மில்லி மீட்டர்தான் குறையும். ஸ்பீடாமீட்டர் காட்டுவதில் நூற்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம் வரும். இது நியாயமான மாற்றம். ஆனால் அழகுக்காக 16, 17 அங்குல ரிம் போட்டு மெல்லிய டயர் மாட்டினால், பெங்களூர் ரோட்டுக் குழியில் முதலில் வளைவது ரிம், அடுத்தது உங்கள் சம்பளம்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். வெட்டிய ஸ்பிரிங் நீளத்தில் குறைந்துவிடுகிறது. பெரிய குழியில் சக்கரம் கீழே தொங்கும்போது அது தன் இருப்பிடத்தில் இருந்து நழுவலாம். வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டு ஓடிய காரில் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் ஆகிய மூன்றையும் புதிதாக்கினாலே போதும். கார் ரோட்டில் உட்கார்ந்து போகும். கம்பெனியில் இருந்து வந்த நாளில் அது எப்படி இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

தண்ணீர், எண்ணெய், ரப்பர்

வி.டெக் போன்ற என்ஜினில் ஒரு விசேஷம். வேகம் ஏறும்போது வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. எண்ணெய் குறைந்தாலோ, அழுக்கேறினாலோ, அந்த 106 குதிரையில் பாதி லாயத்தை விட்டே வராது. "வண்டி பழசாகிவிட்டது, கெட்டி எண்ணெய் ஊற்றுங்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து, செலவு என்ஜின் விலையை எட்டிவிடும்.

நம் ஊரில் வெயில் அதிகம், தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறியும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றினால், வீட்டுக் குக்கரில் படியும் உப்பு அங்கேயும் படியும்.

இப்போது புதிதாக ஒரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2023-ல் தொடங்கி, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொடுத்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. இருபது ஆண்டு வெயிலில் வெந்த பெட்ரோல் ஹோசுக்கு அவ்வளவு தூரம் அவகாசம் கொடுக்க வேண்டாம். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான்.

லைட் வெளிச்சம் போதவில்லை என்றால், 55 வாட் பல்பை எடுத்துவிட்டு 90, 100 வாட் பல்பு மாட்டாதீர்கள். பழைய ஒயரும் சுவிட்சும் அந்த மின்சாரத்தைத் தாங்காமல் உருகும். எதிரே வருகிறவருக்கும் கண் தெரியாது. ரிலே வைத்து, பேட்டரியில் இருந்து தடித்த ஒயரை நேராக இழுத்தால், அதே 55 வாட் பல்பே பளிச்சென்று எரியும். மேம்பாடு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. தமிழ்நாட்டு எண்ணோடு கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே புதுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும்.

சட்டத்தின் மீதும் எனக்குக் குறை உண்டு. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10 ஆயிரம் என்றார்கள். பழைய காரை ரோட்டில் இருந்து விரட்டுவதுதான் நோக்கம். கட்டணம் கூடினால் பிரேக் பிடித்துவிடுமா? பராமரித்த பழைய காரை விட, பராமரிக்காத ஐந்து வயதுக் கார் ஆபத்தானது. சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது பரிசோதனை ஆகாது. ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று மெஷினில் ஏற்றி அளந்து, தேறாத காரை, அது யாருடையதாக இருந்தாலும், திருப்பி அனுப்பட்டும். அந்தப் பரிசோதனைக்குப் பத்தாயிரம் கேட்டால்கூட நான் முணுமுணுக்க மாட்டேன்.

சாமான் வாங்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜே.சி. ரோட்டில் புதுச் சாமான் கிடைக்கும். சிவாஜிநகரிலும், சென்னை புதுப்பேட்டையிலும் உடைத்த கார்களின் சாமான் கிடைக்கும். கதவு, கண்ணாடி, சீட்டு, டேஷ்போர்டு, ஏன், கியர்பாக்ஸ் கூட அங்கே வாங்கலாம். பிரேக், டயர், ஸ்டீயரிங் ஜாயிண்ட், ரப்பர் இந்த நாலையும் பழைய கடையில் வாங்காதீர்கள். பெட்டியில் கம்பெனிப் பெயர் இருந்தும் விலை பாதி என்றால், சந்தேகப்படுங்கள்.

கடைசியாக மெக்கானிக் கூலி. இந்த ஊர் ஷெட்டுகளில் வேலை செய்கிறவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். இரண்டு மணி நேரம் காரின் கீழே படுத்து, கசிவு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துத் தருகிறார்கள். நாமோ, "ஒரு ஹோஸ்தானே மாத்தினே, அதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். சைலென்சர் கடையில் சொன்ன விலையை மறுபேச்சு இல்லாமல் கொடுத்தவர்களும் இங்கே வந்து நூறு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். கூடவே, கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். பிரேக் ஆயில் மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.