பொறுத்தார் ஏரி ஆள்வார்

மீன் உண்ணாத நேயர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையல் சமாசாரம் அல்ல. ஓர் ஏரி வெறுமையானதையும், அதை நம்பி வாழ்ந்த ஜனங்கள் அதை மீட்டுக்கொண்டதையும் பற்றிய சமாசாரம்.

ஐக்கிய அமெரிக்காவின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, மினஸோட்டா என்னும் ராஜ்யம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளின்மேல் மோட்டார் வண்டியே ஓட்டலாம். அவ்வளவு கனமாகப் பனிக்கட்டி உறைந்துவிடும். ஏப்ரல் கடைசியிலோ மே ஆரம்பத்திலோ அது உடைந்து உருகும். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று மீன்பிடிக்க அனுமதி தொடங்குகிறது. அன்று ஊரெல்லாம் திருவிழாதான். 1948-ம் வருஷம் முதல் கவர்னரே தூண்டிலும் கையுமாகப் படகேறும் வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது.

அத்தனை பேரும் தேடிப் போவது 'வால்-ஐ' என்னும் மீனை. பெயரைக் கேட்டு வாலைப் பார்க்க வேண்டாம். விசேஷமெல்லாம் கண்ணில் இருக்கிறது. பளிங்குபோல் வெளிறிய அந்தக் கண்ணின் பின்புறத்தில், பூனைக்கு இருப்பதுபோலவே, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஆகவே அந்தி மங்கலிலும் கலங்கிய நீரிலும் இதற்கு இரை நன்றாகத் தெரியும்; இரையாகப்போகும் சிறு மீனுக்கோ இது தெரியாது. காற்றடித்து அலை எழும்பும் நாளே தூண்டில்காரருக்கு நல்ல நாள் என்பதன் காரணம் இதுதான்.

பனி உருகியதும் இம்மீன்கள் ஆற்று முகத்துவாரங்களிலும் கூழாங்கல் நிறைந்த கரையோரங்களிலும் முட்டையிடக் கூடுகின்றன. முட்டையிட்ட பின்பும் சில வாரங்கள் ஆழத்துக்குப் போகாமல், இடுப்பளவு நீரிலேயே பல திரிந்துகொண்டிருக்கும். ஈயக்குண்டு பொருத்திய தூண்டில் முள்ளில் ஒரு சிறு மீனைக் கோத்து, தரையோடு மெள்ளத் துள்ளவிட்டால் போதும். இப்படி எளிதில் அகப்படுவதுதான் அந்த மீனுக்கு ஆபத்து. அதனாலேயே முட்டையிடும் பருவத்தில் சட்டம் கதவை அடைத்து வைத்திருக்கிறது.

ஆனால் வருஷத்தில் சில வாரங்கள் கதவடைத்துவிட்டால் மட்டும் ஓர் ஏரி பிழைத்துவிடுமா? அந்த ராஜ்யத்திலுள்ள ரெட் லேக், அதாவது செவ்வேரி, இதற்கு விடை சொல்கிறது. இரண்டு பெருங் கூறுகளாகச் சுமார் 450 சதுர மைல் பரந்த அந்த ஏரியில் ஆறில் ஐந்து பங்கு ஓஜிப்வே என்னும் ஆதிக்குடிகளுக்கு உரியது. நாடெங்கும் ஆதிக்குடிகளின் நிலங்களைத் துண்டு போட்டுப் பங்கிட்டபோது, இவர்கள் அதற்கு இணங்கவில்லை. இன்றும் அவர்களுடைய நிலம் பொதுச் சொத்தாகவே இருக்கிறது.

முதல் உலக யுத்தத்தின்போது உணவுக்காக 1917-ல் அங்கே வலைபோட்டு மீன்பிடிக்கும் வர்த்தகம் தொடங்கிற்று. பின்னர் அது ஆதிக்குடிகளின் கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்தது. பல குடும்பங்களுக்கு அதுவே ஜீவனம். வலை ஒரு பக்கம், வெளியாரின் தூண்டில் ஒரு பக்கம், திருட்டு விற்பனை இன்னொரு பக்கம் என்று வருஷந்தோறும் அள்ளிக்கொண்டே இருந்தார்கள். 1990-களின் நடுவில் பார்த்தால், அள்ளுவதற்கு ஒன்றுமில்லை!

அப்போது நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. மேலிருந்து எந்த உத்தரவும் வருமுன்பே, 1997-ல் அச்சங்கத்தார் தாங்களே வோட்டுப் போட்டு வலையைச் சுருட்டி வைத்தார்கள். 1999-ல் ஆதிக்குடிகளும் ராஜ்ய சர்க்காரும் மத்திய சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஏரி முழுவதும் அம்மீனைப் பிடிப்பதை நிறுத்தினார்கள். 1999, 2001, 2003 ஆகிய மூன்று வருஷங்களில் 10 கோடிக்கு மேற்பட்ட குஞ்சுகளை விட்டார்கள். குஞ்சு விட்டது பெரிதல்ல. அது வளர்ந்து தானே முட்டையிடும்வரை தூண்டிலைத் தொடாமல் இருந்தார்களே, அதுதான் பெரிது. ஒவ்வொரு மே மாதமும் பக்கத்து ஏரிகளில் திருவிழா நடக்கும். இங்கே மட்டும் பளிங்குக்கண் மீனைத் தொடக்கூடாது. அதை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அந்த வருஷங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை மாதச் சம்பளக்காரராகிய நாம் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

2006-ம் வருஷம் மே மாதத்தில் கதவு திறந்தது. வெளியார் பிடிக்கும் பகுதியில் ஆளுக்கு இரண்டு மீன்தான் என்று அளவு வைத்தார்கள். ஆதிக்குடிகளும் வர்த்தகத்தை மறுபடி தொடங்கியபோது முதலில் வலையை எடுக்கவில்லை, தூண்டிலையே எடுத்தார்கள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். ஏரிக்கும் அது பொருந்துகிறது. பிறர் பூட்டிய பூட்டு, காவற்காரன் கண்ணயரும்வரைதான் நிற்கும். செவ்வேரிக்காரர்கள் தங்கள் கையாலேயே பூட்டினார்கள். ஆகையால் சாவியும் அவர்களிடமே இருந்தது.