பாதி விலையைச் சொல்லி முழு பில்லை நீட்டாதே!

செல்போனைத் திறந்தால் போதும், விளம்பரம் வந்து நிற்கிறது. தளர்ந்த மார்பகத்தைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷனாம். 'பிரெஸ்ட் லிப்ட்' என்று பெயர். "இத்தனை ரூபாயிலிருந்து" என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அதன் தலையில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி.

அந்த "இருந்து" என்ற சொல்லில்தான் சூட்சுமமே இருக்கிறது!

சிரிக்காதீர்கள். இது சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டுமான சமாச்சாரம் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு பிள்ளை பெற்று, பால் கொடுத்து வளர்த்த தாய்க்குத் தோல் தளர்ந்து போகிறது. கனத்த உடம்பு இளைத்தவருக்கும் அப்படியே. ஆபீசில் வேலை பார்க்கிறவரும், கடையில் நாள் முழுக்க நிற்கிறவரும் மனசுக்குள் வைத்துக் குமைகிறார்கள். அவர்கள் உடம்பு, அவர்கள் காசு. செய்து கொள்ளாதே என்று சொல்ல நாம் யார்?

ஆனால், விலை சொல்கிறவர்கள் அதை முழுசாகச் சொல்ல வேண்டாமா? அதுதான் கேள்வி.

துணி விலை வேறே, தையல் கூலி வேறே!

இந்த ஆபரேஷனில் அதிகப்படியான தோலை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சதையை மேலே உயர்த்தித் தைக்கிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஆக, ஒரு டாக்டரோடு காரியம் முடிவதில்லை.

ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு ஒரு பீஸ். மயக்க மருந்து டாக்டருக்குத் தனி பீஸ். தியேட்டர் வாடகை. படுக்கை வாடகை. அதற்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பக ஸ்கேன். பிறகு மாத்திரை, கட்டு, உடம்போடு இறுக்கிப் பிடிக்கும் விசேஷ உள்ளாடை, திரும்பத் திரும்ப வந்து காட்ட வேண்டிய செலவு.

விளம்பரத்தில் போட்ட தொகை இதில் எதற்கு? பல சமயம் முதல் வரிக்கு மட்டும்தான்!

அமெரிக்காவில் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் ஒன்று இந்த ஆபரேஷனின் சராசரிக் கட்டணத்தை வெளியிடுகிறது. கூடவே, "இது டாக்டர் பீஸ் மட்டும். மயக்க மருந்து, தியேட்டர் செலவெல்லாம் இதில் சேராது" என்ற விவரத்தையும் தானே சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரியைச் சொல்ல நம்ம ஊர் விளம்பரத்துக்கு வாய் வருவதில்லையே, ஏன்?

இன்னொரு விஷயம். தூக்கி நிறுத்துவது வேறே, பெரிசாக்குவது வேறே. அளவும் கூட வேண்டும் என்றால் உள்ளே சிலிக்கான் பை வைக்க வேண்டும். அதற்குத் தனி விலை. அந்தப் பையும் ஆயுசுக்கும் உழைக்கிற சாமான் அல்ல. சில வருஷம் கழித்து மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரலாம். அப்போது மறுபடியும் தியேட்டர், மறுபடியும் பில்!

வரி உண்டு, இன்சூரன்ஸ் கிடையாது

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு வரிவிலக்கு கொடுத்தார்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனை மட்டும் அந்த விலக்கில் சேர்க்கவில்லை. அதற்கு 18 சதவீதம் போட்டார்கள். லட்ச ரூபாய் பில்லுக்கு 18 ஆயிரம் ரூபாய் வரி! பிறவிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சரி செய்வதற்கு மட்டும் விலக்கு உண்டு.

"இன்சூரன்ஸ் இருக்கே சார்" என்று நம்பிப் போகாதீர்கள். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்கு மெடிக்ளைம் பாலிசியில் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு உறுப்பைச் சீரமைப்பதென்றால் கிடைக்கும். உடம்புக்கு நேரடி ஆபத்து இருந்து, அதைப் போக்கச் செய்யும் சிகிச்சை என்றாலும் கிடைக்கும்.

அமெரிக்காவில் 1998-ல் ஒரு சட்டம் போட்டார்கள். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுக்க இன்சூரன்ஸ் பணம் தரும் கம்பெனி, அதைச் சீரமைக்கவும் தர வேண்டும். மறுபக்கத்து மார்பகத்தை அதற்கு ஈடாகச் சரி செய்யவும் தர வேண்டும். ஆபரேஷன் ஒன்றேதான். அவசியம் என்றால் கம்பெனி காசு, ஆசை என்றால் சொந்தக் காசு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்டுக் கொள்ள வேண்டும்.

பில்லில் வராத செலவு

"வட்டியில்லாத் தவணை" என்று இன்னொரு தூண்டில். கையெழுத்துப் போடும் முன் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, ஒரு மாதம் தவறினால் அபராதம் எவ்வளவு என்று பாருங்கள். கடைசியில் சேட்டுக் கடைக்கு வளையல் போகக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரமாவது வேலைக்குப் போக முடியாது. சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பிள்ளையையும் தூக்கக் கூடாது. தினச் சம்பளக்காரருக்கு அந்த நாட்கள் நஷ்டம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் அதுவும் செலவு.

தழும்பு மங்கும், அடியோடு மறையாது. முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம். பால் கொடுப்பதும் பாதிக்கலாம். மறுபடி கர்ப்பமானால் பழையபடி தளரவும் கூடும். அதனால்தான், பிள்ளைப்பேறு முடிந்த பிறகு வாருங்கள் என்று நல்ல டாக்டர்கள் சொல்கிறார்கள். அவசரப்படுத்துகிற இடத்தில் சந்தேகப்படுங்கள்!

மலிவு என்று மயங்காதீர்

அதற்காக, குறைந்த விலை சொல்லும் இடத்தைத் தேடி ஓடுவதும் தப்பு. 2016-ல் இதே சென்னையில், முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரை விட்டார். டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி!

செய்யப் போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்குச் சமமான பட்டம் பெற்றவரா? மயக்க மருந்து டாக்டர் கடைசி வரை கூட இருப்பாரா? ஏதாவது ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே? இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரியை மறந்து விடாதீர்கள். 2018-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பகச் சீரமைப்பு சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். "அழகு சிகிச்சை ஏழைக்குக் கிடைக்கக் கூடாதா?" என்று அன்றைய சுகாதார மந்திரி கேட்டார். இந்தப் பணத்தை உயிர் காக்கும் சிகிச்சைக்குச் செலவிடலாமே என்று எதிர்ப்பும் வந்தது. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். கடன் வாங்கும் முன், ஓ.பி. சீட்டு எடுத்து அரசு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்களை மேஜையில் படுக்க வைத்தால் அவருக்கு லாபம் ஒன்றுமில்லை. உங்களுக்கு ஆபரேஷன் தேவையா இல்லையா என்று நேராகச் சொல்லுவார்.

போர்டு மாட்ட என்ன கஷ்டம்?

இட்லிக்குப் போர்டு இருக்கிறது. பெட்ரோலுக்குப் போர்டு இருக்கிறது. சலூனில் முகச்சவரத்துக்குக் கூட விலை எழுதி மாட்டியிருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் ஆஸ்பத்திரியில் மட்டும் "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்றால் என்ன நியாயம்?

ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் எழுதி மாட்ட வேண்டும் என்று மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்தச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களுக்குத்தான் அது பொருந்தும். தமிழ்நாட்டில் நடப்பது நம்முடைய 1997-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கீழேயே ஒரு உத்தரவு போடட்டும். விளம்பரத்தில் தொகை போட்டால் டாக்டர் பீஸ் முதல் வரி வரை அடங்கிய முழுத் தொகையைப் போட வேண்டும். சரியாக வராமல் திரும்பச் செய்ய நேர்ந்தால் அது யார் செலவு என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அதுவரை நாமே கேட்போம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு? ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்க." எழுதித் தர மறுக்கிற இடத்தில் உடம்பை ஒப்படைக்காதீர்கள்.

சுகாதாரத்துறை இதைக் கவனிக்குமா?