சாம்புவும் சரித்திரமும்

வாவிக்கரை நூலகமொன்றில் நடைபெற்ற வாசிப்பு மாதக் கூட்டத்திற்கு அண்மையில் நாம் போயிருந்தோம். தலைமை வகித்த பெரியவர் இரவல் ஏட்டை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசகர்களை வசைபாடினார். துப்பறியும் கதைகளும், நகைச்சுவைக் கதைகளும், இரண்டும் கலந்த கதைகளுமே அதிகமாக வெளியே போயிருக்கின்றன என்பது அவர் கண்டுபிடித்த குற்றம். இத்தகையோர் மூளைக்கு வேலை கொடுக்க விரும்பாதவர்கள் என்று தீர்ப்பளித்தவர், இறுதியில் ஓர் ஆறுதலையும் வெளியிட்டார். ஊர் வரலாற்று நூல்களையும் சிலர் எடுத்திருக்கிறார்களாம். அந்த அளவில் சமுதாயம் உருப்பட வழியிருக்கிறதாம்.

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. பெரியவர் குற்றமற்றவனைத் தண்டித்துவிட்டு, விசாரிக்கப்பட வேண்டியவனுக்கு நற்சான்றிதழ் வழங்கிவிட்டார் என்பதே எமது கட்சி.

முதலில் எமது அணியின் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெகுசன வாசிப்பை இகழும் வழக்கத்தைப் பழமைவாதிகள் மட்டும் வளர்க்கவில்லை. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டே, தென்னிந்திய வணிக இதழ்கள் இந்நாட்டுச் சந்தையை நிறைத்துக் கிடந்ததற்கு எதிராக எம்மவர் குரல் எழுப்பினர். 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்தது. அதனால் ஈழத்து எழுத்துக்கு இடம் கிடைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. வீரகேசரிப் பிரசுரங்கள் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததும் அக்காலத்திலேதான். ஆனால் கொள்ளை இலாபக்காரனை எதிர்க்கப் புறப்பட்ட நாம், போகிற போக்கில் அவனிடம் காசு கொடுத்து வாங்கிய ஏழை வாசகனையும் சேர்த்து ஏசிவிட்டோம். அந்த வாசகன் மாறிவிடவுமில்லை. செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' என்ற நகைச்சுவை நாவலைத் தேடிப் படித்தவனும் அவனே. அதே ஆசிரியரின் 'நந்திக்கடல்' என்ற வரலாற்று நாவலைப் படித்தவனும் அவனே. சிரிப்பும் சரித்திரமுமே அவனுக்கு அன்றும் வேண்டியிருந்தன, இன்றும் வேண்டியிருக்கின்றன. இத்தாலியச் சிறையில் கிடந்த கிராம்சி, துப்பறியும் கதைகளை மக்கள் ஏன் இவ்வளவு ஆவலோடு படிக்கிறார்கள் என்ற வினாவைத் தம் குறிப்பேடுகளிலே பொறுமையோடு ஆராய்ந்தார். சிறைக்கு வெளியே இருந்த நமக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

மூளைக்கு வேலையில்லை என்கிறார்களே, தேவனின் 'துப்பறியும் சாம்பு'வையே எடுத்துக்கொள்வோம். 1957இல் காலமான தேவன், 'ஆனந்த விகட'னில் 1940களிலே உலவவிட்ட பாத்திரம் அது. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. முட்டாள் என்று ஊரே முடிவுகட்டிய ஆள். அவன் கால் இடறி விழுந்தால் விழுந்த இடத்திலே திருடன் அகப்படுவான். உளறினால் உளறலிலே துப்புக் கிடைக்கும். உடனே பொலிஸ் இன்ஸ்பெக்டர் முதல் பெருஞ்செல்வர்வரை அனைவரும் அவனை மேதை என்று கொண்டாடுவார்கள். வாசகன் மட்டும் உண்மையை அறிவான். தற்செயலாய்க் கிடைத்த வெற்றிக்கு உலகம் பின்னாலிருந்து பேரறிவைக் கற்பித்துக் கொடுக்கிறது என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் கண்டு சிரிக்கிறான். பெரிய மனிதர்களின் பெருமை எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிட எளிய பாடம் ஏது? தேவன் புரட்சிக்காரரல்லர், நடுத்தர வகுப்பாரின் வீட்டுக் கூடத்தைத் தாண்டி அவர் அதிக தூரம் போனதுமில்லை. எனினும் அவரைப் படித்தவன், அரசனின் வெற்றிப் புகழைப் பாடும் புத்தகத்தைத் திறந்ததும், 'இவனும் ஒரு சாம்புவோ?' என்று ஒரு கணம் ஐயுறுவான். அந்த ஐயம்தான் நமக்கு வேண்டியது.

இப்பொழுது பெரியவர் நற்சான்றிதழ் வழங்கிய வரலாற்று நூல்களுக்கு வருவோம்.

இப்பிரதேசத்துக்கு நல்ல மக்கள் வரலாறு வாய்க்கவில்லை என்று சொல்ல நாம் வரவில்லை. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' அரச வம்சங்களோடு நின்றுவிடாமல், கூத்தையும் வசந்தனையும் கண்ணகி வழிபாட்டையும் நாட்டார் கவியையும் வரலாற்றுக்குள் அழைத்து வந்த நூல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1962இல், எவ். எக்ஸ். சி. நடராசா ஏட்டுச் சுவடிகளிலிருந்து 'மட்டக்களப்பு மான்மிய'த்தைப் பதிப்பித்தார். அதற்காக இப்பிரதேசம் அவருக்கு என்றும் கடன்பட்டது. ஆனால் மான்மியத்தை எப்படிப் படிப்பது? அரசர் கதையோடு கூடவே, எந்தக் குடிக்குக் கோயிலிலே எந்த வரிசை, எந்தச் சாதிக்கு எந்த ஊழியம் என்றும் அது வகுத்துரைக்கிறது. அதாவது, அது கதை மட்டுமன்று. உரிமைப் பத்திரமும் ஆகும். உரிமைப் பத்திரத்தை நீட்டுபவனிடம் துப்பறிவாளன் கேட்கும் முதற்கேள்வி, இதனால் யாருக்கு ஆதாயம் என்பதே. போடியாருக்கு ஆதாயமா, அவரது வட்டையிலே சேற்றில் நின்றவனுக்கு ஆதாயமா? இன்று விற்பனையாகும் ஊர் வரலாறுகள் பல இக்கேள்வியைக் கேட்பதில்லை. மீன் பாடும் தேனாடு என்று தொடங்கிவிட்டாலே பாதி ஆராய்ச்சி முடிந்ததாக அவை எண்ணுகின்றன.

'பொன்னியின் செல்வ'னைப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த அக்கதை, எமது வாசிகசாலைகளிலே இன்றும் அட்டை கிழிந்து கிடக்கிறது. அதன் நடுவிலே இருப்பது ஒரு கொலை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமலே விட்டார். ஆனால் அக்கொலையைப் பற்றிய உண்மையான சான்று ஒன்று உடையார்குடிக் கோயிற் சுவரிலே இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சுட்டுகிறது. அவர்களில் இருவர் பிரமாதிராயப் பட்டம் பெற்ற அதிகாரிகள். உத்தம சோழன்மீது நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆனால் ஆர அமரப் படித்தால், அக்கல்வெட்டு கொலையைப் பற்றி எழுதப்பட்டதேயன்று என்பது தெரியும். துரோகிகளதும் அவர்தம் சுற்றத்தாரதும் நிலம் என்ன ஆயிற்று என்பதே அதன் விடயம். கொலைக் கதையைத் தேடிப் போனவன் காணிக் கணக்கிலே வந்து நிற்கிறான்! வரலாற்றின் பெரும்பகுதி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எமது வாவிக்கரையிலும் இதே கதைதான். முக்குவர் பட்டாணியரின் துணையோடு திமிலரைத் துரத்திய பழங்கதையை அறியாதார் இங்கில்லை. துரத்திய படை எங்கே கூடியது, எங்கே பகைவரை வென்றது, எங்கே இளைப்பாறியது என்பதற்குச் சந்திவெளி, சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை என்று ஊர்ப் பெயர்களையே சாட்சிக்கு அழைப்பார்கள். இதே கதையைத் தமிழர் எழுதும் நூல் ஒருவிதமாகவும் முஸ்லிம்கள் எழுதும் நூல் வேறுவிதமாகவும் சொல்கிறது. ஒன்றிலே நாம் இடங்கொடுத்தோம். மற்றதிலே நாம் காப்பாற்றினோம். திமிலரின் தரப்பைச் சொல்ல ஒரு நூலும் இல்லை. ஆனால் இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவிற் கொண்டவர்கள். கோயிலுக்கு வண்ணக்கரும் பள்ளிவாசலுக்கு மரைக்காயருமாகக் குடிவழி நிர்வாகத்தைப் பேணி வந்தவர்கள். இந்தப் பொதுமை அடிக்குறிப்பிலே ஒதுங்கிவிடுகிறது. யார் முதலில் வந்தவர் என்ற வழக்கு அட்டையிலேயே அச்சாகிறது.

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று யாரேனும் எண்ணினால், 1990ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டம்பர் 9ஆம் நாள், சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் இருந்து பிடித்துச் செல்லப்பட்ட 180க்கும் மேற்பட்ட தமிழரை, குழந்தைகள் உட்பட, அரச படையினர் கொன்றனர். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்துவிடலாம். பகைவரை வென்ற இடம் என்று பெருமையோடு பொருள் சொல்லப்பட்ட ஊரிலே பாலர்களின் பெயர்களை எண்ண வேண்டி வந்தது. அக்கொலைகளைப் புத்தகங்கள் செய்யவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் தன் பிணங்களை மட்டும் எண்ணும் புத்தகத்தைப் படித்து வளர்பவன், மற்றவன் வீட்டுப் பிணத்தை வதந்தி என்றே கொள்வான். அத்தகைய நூல்களை எடுத்துச் செல்வதுதானா பெரியவர் கண்ட நம்பிக்கைச் சுடர்?

துப்பறியும் கதை ஒன்றைக் கட்டாயமாகக் கற்பிக்கிறது: முதல் அத்தியாயத்திலே எல்லோரும் விரல் நீட்டும் ஆள் பெரும்பாலும் குற்றவாளியல்லன். எமது ஊர் வரலாறுகளிலோ முதல் அத்தியாயத்துக் குற்றவாளியே கடைசிவரை குற்றவாளி. அவன் எப்போதும் அடுத்த ஊர்க்காரன். பிரித்தானிய எழுத்தாளர் ஜோசபின் டே 1951இல் ஒரு நாவல் எழுதினார். கால் முறிந்து வைத்தியசாலைக் கட்டிலிலே கிடக்கும் பொலிஸ் அதிகாரியொருவன், மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் தன் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றான் என்ற பாடப்புத்தகக் கூற்றை வழக்கொன்றை விசாரிப்பதுபோல் விசாரிக்கிறான். யார் எழுதினார், எப்போது எழுதினார், எவர் தயவிலே வாழ்ந்துகொண்டு எழுதினார் என்று ஒவ்வொரு சாட்சியையும் நிறுத்துக் கேட்கிறான். அவனது முடிவை வரலாற்றாசிரியர் பலர் ஏற்கவில்லை. நாமும் அதற்காக வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளை மான்மியத்திடம் கேட்கத் தெரிந்த ஒரு பள்ளி மாணவியை இப்பிரதேசம் ஈன்றால், பத்து நினைவுமலர்களுக்கு அவள் ஈடாவாள்.

கூட்டம் முடிந்ததும் நாம் அம்மான்மியத்தைக் கேட்டோம். அது கண்ணாடி அலுமாரியிலே இருந்தது. திறப்பு விடுமுறையிலிருந்த ஒருவரிடம் இருந்தது. பூட்டிய அலுமாரிக்குள் மூலநூலும் திறந்த தட்டிலே அதைப் பற்றிய வீரப்பேச்சும் என்றால், வாசகன் எதை எடுப்பான்? படுவான்கரையிலிருந்து ஓடத்துறை கடந்து வரும் பெண், ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டியவள், திறப்புக்காரர் வரும்வரை காத்திருப்பாளா? சாம்புவை எடுத்துக்கொண்டு போகிறாள். அவளை ஏசுவதற்கு முன் அலுமாரியைத் திறந்திருக்க வேண்டும்.

எமது கோரிக்கைகள் சிறியவை. மான்மியமும் கந்தையாவின் நூலும் மீண்டும் மீண்டும் பிரதி வாங்கப்பட்டுத் திறந்த தட்டிலே வைக்கப்படட்டும். எழுவான்கரையின் தமிழூர் நூலகங்கள் காத்தான்குடி, ஏறாவூர் வரலாறுகளை வாங்கட்டும். அவ்வூர் நூலகங்கள் படுவான்கரை வரலாறுகளை வாங்கட்டும். இவ்விருவகை நூல்களும் ஒரே தட்டிலே பக்கத்துப் பக்கமாக நிற்கட்டும். துப்பறியும் கதைகளின் தட்டு அதற்கு அடுத்ததாகவே இருக்கட்டும். இரவல் ஏட்டை இனி எவரும் மேடைக்குக் கொண்டுவர வேண்டாம்.