ஆட்டிக்கிட்டே இருந்தா நேரா போகுமா?

பி.காம் படிக்கிறவனுக்குப் படகுல என்னய்யா வேலைன்னு கேட்கப்போறீங்க. கொஞ்சம் பொறுங்க, இதுல எங்க காஸ்டிங் பாடமும் வருது.

பாய்மரப் படகுல ரொம்ப தூரம் போறவங்க ஆட்டோபைலட் வச்சிருப்பாங்க. திசையைப் பார்த்து அதுவே சுக்கானைத் திருப்பிக்கும். இதுல கெயின்னு ஒரு செட்டிங் உண்டு. படகு 5 டிகிரி விலகினா சுக்கானை எவ்வளவு திருப்பணும்னு சொல்ற விகிதம்தான் அது. குறைச்சு வச்சா படகு சாவகாசமா அலைஞ்சு திரும்பும். கூட்டி வச்சா கோடு போட்ட மாதிரி போகும்னு நினைப்போம். அங்கதான் தப்பு. ஒரு பக்கம் வெட்டித் திருப்பி, இலக்கைத் தாண்டி, மறுபடி இந்தப் பக்கம் வெட்டி... பின்னாடி தண்ணியில பாம்பு போன தடம்தான் மிஞ்சும். போதாததுக்கு மோட்டார் ஓயாம ஓடி பேட்டரியைக் காலி பண்ணும். சுக்கான் திரும்புறப்பல்லாம் தண்ணியும் இழுத்துப் பிடிக்கும், வேகம் போகும்.

நல்ல மாலுமி அப்படி ஓட்டமாட்டார். படகு திரும்பி வர ஆரம்பிச்சதுமே, இலக்கு வர்றதுக்கு முன்னாடியே சுக்கானை எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடிப்பார். நிக்கோலஸ் மினோர்ஸ்கி சுக்கான் பிடிக்கிறவங்க கையைக் கவனிச்சு, அதையே கணக்காக்கி 1922-ல எழுதினார். இன்னிக்கு ஃபேக்டரிகள்ல ஓடுற பிஐடி கன்ட்ரோலுக்கு ஆரம்பங்கள்ல அது ஒண்ணு. இயந்திரத்துக்கே ஒரு மனுஷனோட நிதானம்தான் பாடம், பார்த்துக்கோங்க!

இப்ப காஸ்டிங். பட்ஜெட்டுக்கும் செலவுக்கும் பத்து ரூபா வித்தியாசம் வந்ததுக்கெல்லாம் மேனேஜரை எழுப்பாதே, பெரிய விலகலுக்கு மட்டும் கூப்பிடுன்னு சொல்லிக்கொடுக்கிறாங்க இல்லையா? ஆட்டோபைலட்லயும் அதே சமாச்சாரம் இருக்கு. அலை தூக்கிப்போட்டா மூக்கு ரெண்டு டிகிரி போகும், அடுத்த அலையில தானே திரும்பும். அதைக் கண்டுக்காதேன்னு ஒரு எல்லை வைக்கலாம். காஸ்டிங்ல மார்க் எடுக்கிற பயலும் இதை வாழ்க்கையில செய்யறதில்ல, அது வேற கதை.

புது மாடல்கள் தானே கத்துக்கும், நாம எதுக்கு தலையைக் கொடுக்கணும்னு ஒரு கட்சி இருக்கு. எனக்கு ஒப்புதல் இல்ல. மெதுவா போறப்ப சுக்கான் மேல தண்ணி ஓட்டம் குறைவு, அதனால அதிகம் திருப்பணும். வேகமா போனா கொஞ்சமே போதும். அலை பின்னாலேருந்து வந்தா கதையே வேற. இதெல்லாம் தெரியாதவர், மெஷின் தடுமாறுற ராத்திரியில எந்த பட்டனை அமுக்குவார்?

1967 மார்ச்ல டோரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தோட தென்மேற்கு ஓரத்துல பாறையை நெருங்குது. கடைசி நேரத்துல சக்கரத்தைத் திருப்புறாங்க, கப்பல் கேட்கல. ஸ்டியரிங் தேர்வு நெம்புகோல் தப்பான இடத்துல இருந்திருக்கு. கண்டுபிடிக்கிறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெய் இருந்த கப்பல். அந்த விபத்துக்கு வேற காரணங்களும் உண்டு, நெம்புகோல் மேலயே எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனா அந்தச் சில நிமிஷம் அதுலதான் போச்சு.

படகு வச்சிருக்கிற புண்ணியவான் யாராவது இதைப் படிச்சா, அமைதியான நாள்ல, சுத்தி இடமிருக்கிற தண்ணியில ஒரு 90 டிகிரி திருப்பம் கொடுத்துப் பாருங்க. 5 டிகிரிக்கு மேல தாண்டிப் போனா கெயினைக் குறைங்க. திருப்பம் சோம்பலா இருந்தா கூட்டுங்க. ராத்திரி காவலுக்கு உட்காரப்போறவரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யுங்க.