சேவை நமக்கு, நாற்காலி அவர்களுக்கு

சேரிக்குள் நுழைகிற தொண்டு நிறுவனத்தைப் பார்த்து நாம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் தப்பான கேள்விகளாகவே இருக்கின்றன. எவ்வளவு பணம் வருது, எந்த நாட்டிலிருந்து வருது, எவன் தின்னுட்டுப் போறான் என்பதோடு நம் விசாரணை முடிந்துபோகிறது. கேட்க வேண்டியது வேறு. அதன் நிர்வாகக் குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எந்தத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள்? செக்கில் கையெழுத்துப் போடுவது யார்? இந்த மூன்றையும் கேட்காத வரைக்கும் மற்றதெல்லாம் திண்ணைப் பேச்சுதான்.

நான் அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் போகிற பக்கத்தில் உள்ள ஒரு காலனிக்காரன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதிக்குள் வந்த நிறுவனங்களை எண்ணி மாளாது. அதில் ஒன்று ‘இளைஞர் சேவை’ செய்ய வந்தது. பேரைச் சொல்லப் போவதில்லை. பேரை மாற்றினால் இன்னும் பத்து நிறுவனங்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தும். நாலு வருஷம் அதில் களப்பணியாளனாக இருந்தேன். குப்பத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு, கைப்பந்து, தையல், கம்ப்யூட்டர் என்று வேலை நடந்தது. வேலை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் படித்தார்கள். சிலபேர் வேலைக்கும் போனார்கள்.

நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற அதிகாரிகள் மூணு பேர், ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு கல்லூரி முதலாளி, ஒரு ஓட்டல் முதலாளி, அவர் மனைவி, ஒரு வெளிநாட்டு அம்மா. ஒன்பது பேர் விலாசமும் புல்வாருக்குள்ளே. குப்பத்து ஆள் ஒருத்தர் இல்லை. காலனி ஆள் ஒருத்தர் இல்லை. முப்பது வயசுக்குக் கீழே ஒருத்தர்கூட இல்லை. இளைஞர் சேவையாம்!

மூணு மாசத்துக்கு ஒரு தடவை குழு கூடும். களப்பணியாளர்கள் நாங்கள் வராந்தாவில் நிற்போம். ‘வெற்றிக் கதை’ சொல்வதற்கு மட்டும் உள்ளே கூப்பிடுவார்கள். அப்பன் குடிகாரன், அம்மா சித்தாள், பையன் இன்றைக்குப் பத்தாவது பாஸ் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அவர்கள் உச்சுக் கொட்டிக் கேட்பார்கள். அப்புறம் நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும். முடிவெடுக்கிற நேரத்தில் கதவு சாத்தியிருக்கும்.

ஒரு வருஷம் எங்கள் காலனியில் சுடுகாட்டுக்குப் போகிற பாதையை மறித்து யாரோ வேலி போட்டார்கள். பிணத்தைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போக வேண்டிய நிலை. மாலை வகுப்புப் பையன்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டு, ‘நிறுவனம் எங்களோடு வந்து மனுக் கொடுக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நான்தான் கொண்டுபோனேன். ‘இது அரசியல் விவகாரம், நிறுவனம் தலையிடாது’ என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார்கள். அதே கூட்டத்தில் ‘ஆளுமை வளர்ச்சி முகாம்’ ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். நகம் வெட்டுவது எப்படி, பெரியவர்களிடம் பேசுவது எப்படி, குடியின் தீமைகள். “மொதல்ல அந்தப் பசங்களுக்கு ஒழுங்கா சட்டை போடக் கத்துக் குடுங்க தம்பி” என்றார் ஒரு உறுப்பினர். பிணம் போக வழி கேட்டவனுக்குச் சட்டை பித்தான் போடப் பயிற்சி!

குப்பத்து விஷயத்தில் அவர்கள் இப்படி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீனவ ஊரில் பஞ்சாயத்து என்று ஒன்று உண்டு. உள்ளே வருகிறவன் அங்கே பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். போர்டில் இடமில்லாவிட்டாலும் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு மேடை இருந்தது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு வெள்ளைக்காரக் கவர்னர் காலத்திலிருந்தே ஆட்சித் தலைவர் வந்து வடம் பிடிக்கிறார். அந்த ஊருக்கு அப்படி ஒரு மரியாதை. எங்கள் காலனிக்கு எந்தக் கவர்னர் வந்தார், எந்தப் போர்டு வந்து பதில் சொன்னது?

இதெல்லாம் ஏதோ ஒன்பது பேரின் குணக்கேடு என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு 1932 செப்டம்பர் 30 அன்று பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கென ஒரு அகில இந்திய அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது. தலைவர் ஜி.டி. பிர்லா. செயலாளர் தக்கர் பாபா. மையக் குழுவில் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், அம்பாலால் சாராபாய், லாலா ஸ்ரீராம் என்று முதலாளிகளின் வரிசை. அந்த வரிசைக்கு நடுவே அம்பேத்கர், எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் மூவருக்கும் இடம் கொடுத்தார்கள்.

1932 நவம்பர் 14 அன்று, லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போகிற வழியில் கப்பலிலிருந்து தக்கருக்கு அம்பேத்கர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனி மனிதனைத் திருத்துகிறோம் என்று குடி ஒழிப்பு, உடற்பயிற்சி, நூலகம் என்று அலையாதீர்கள். கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, பொது வண்டி இவற்றில் உரிமை வாங்கித் தரப் போராடுங்கள் என்பது அதன் சாரம். வேலை செய்கிற ஆட்களைத் தீண்டப்படாதவர்களிலிருந்தே எடுங்கள் என்றும் கேட்டார். பதில் வரவில்லை. அவர் வெளியேறினார். அந்தக் கடிதத்தையும் என் காலனிப் பையன்களின் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டதும் ஒன்றுதான், கிடைத்ததும் ஒன்றுதான்.

நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் எங்கே என்று தீண்டப்பட்டோர் அல்லாத அந்தச் சங்கத்தைப் பார்த்து நம் மக்கள் கேட்டபோது காந்தி சொன்ன விளக்கம் பிரசித்தமானது. தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், சேவை அதற்குப் பிராயச்சித்தம், பணமும் அவர்கள் பணம், ஆகவே அவர்களே நடத்த வேண்டும். நீங்கள் வேண்டுமானால் ஆலோசனைக் குழு வைத்துக்கொள்ளலாம். இந்த வாதத்தை அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் விரிவாகவே எடுத்து வைத்து உடைக்கிறார். 1934 பிப்ரவரியில் ஹரிஜன யாத்திரையாகக் காந்தி புதுச்சேரிக்கும் வந்து போனார். அவர் போய்விட்டார், பிராயச்சித்தம் இங்கேயே தங்கிவிட்டது.

நான் கேட்கிறேன். கடன்காரன் கடனைத் திருப்பிக் கொடுக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைச் சரிபார்க்கிற உரிமை யாருக்கு? கடன் கொடுத்தவனுக்கா, வாங்கினவனுக்கா? கணக்குப் புத்தகத்தையும் வாங்கினவனே வைத்துக்கொண்டு, எவ்வளவு கொடுத்தேன், என்றைக்குத் தீர்ந்தது என்பதையும் அவனே சொல்லுவானாம். கொடுத்தவன் வராந்தாவில் நின்று கதை சொல்ல வேண்டுமாம்.

வேறு வழியில் நடத்த முடியாதா என்றால், அதே பம்பாயில் எட்டு வருஷம் முன்னாலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 1924 ஜூலையில் அம்பேத்கர் தொடங்கிய பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபா அது. அதிலும் மேல்சாதிப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். தலைவர் சர் சிமன்லால் சேதல்வாட். துணைத் தலைவர்களில் பார்சி, யூதர், பிராமணர் எல்லோரும் உண்டு. ஆனால் நிர்வாகக் குழுத் தலைவர் அம்பேத்கர், செயலாளர் சிவ்தர்கர், பொருளாளர் ஜாதவ். மூன்று பேரும் தீண்டப்படாதவர்கள். பெரிய மனிதர்களுக்கு மாலை, நம்மவர்களிடம் பெட்டிச் சாவி. அந்தச் சபாதான் 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது, படிப்பகம் வைத்தது, பம்பாயில் இளைஞர்களுக்கு ஹாக்கிக் குழு நடத்தியது. விடுதியும் விளையாட்டும் தப்பில்லை. அவற்றை யார் நடத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிர்வாகம் நம் கையில் இருந்ததால் ஹாக்கி விளையாடினவன் குளத்தில் தண்ணீர் எடுக்கவும் போக முடிந்தது. மகாட் போராட்டம் 1927இல் நடந்தது.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். முதலாவது, ‘உங்க ஆளுங்களுக்குக் கணக்கு வழக்கு தெரியாதே’. எங்கள் காலனி மகளிர் குழுப் பெண்கள் அஞ்சாவது படித்தவர்கள். சேமிப்பு, கடன், வட்டி, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் பைசா பிசகாமல் எழுதி வைக்கிறார்கள். இரண்டாவது, ‘நாங்க சாதியே பாக்கறதில்ல’. பார்க்காமலேயே ஒன்பது நாற்காலியும் எப்படி அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது? அந்த வித்தையைத்தான் சாதி என்கிறோம். மூன்றாவது, ‘ஒரு தலித்தைப் போட்டிருக்கோமே’. 1932இல் மூன்று பேரைப் போட்டிருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் அம்பேத்கர். அவராலேயே அந்தக் குழுவைத் திருப்ப முடியவில்லை என்றால், கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படுகிற ஒற்றை ஆளால் என்ன முடியும்?

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம ஆளே நடத்துகிற நிறுவனங்களில் புருஷன் தலைவர், பொண்டாட்டி பொருளாளர், மச்சான் செயலாளர். சேரியின் பெயரில் ஒரு குடும்பம் உட்கார்ந்தால் அதற்குப் பேர் பிரதிநிதித்துவம் அல்ல. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்போம்.

என் காலனியில் ஒரு ஆயா சொன்னது இது: “நம்ம பேரச் சொல்லி பணம் வருது. நம்ம பேரு மட்டும் லிஸ்ட்டுல இல்ல.” அந்த லிஸ்ட் ரகசியமானது அல்ல. 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் வருஷா வருஷம் நிர்வாகிகளின் பெயர், விலாசம், தொழில் மூன்றையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சட்டம் எழுதினபோது அதற்கு வைத்த கட்டணம் ஒரு ரூபாய்.

மாணவத் தோழர்களே, களப்பணியாளர்களே! ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேருமுன் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பாதி இடம், சேவை பெறுகிற தெருக்காரர்களுக்கு வேண்டும். அவர்களைப் போர்டு பொறுக்கி எடுக்கக் கூடாது; தெரு கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பாதியில் பெண்களும் முப்பது வயதுக்குட்பட்டவர்களும் இருக்க வேண்டும். செக்கில் ஒரு கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும். தீர்மானங்களைத் தமிழில் எழுதித் தெருவில் படித்துக் காட்ட வேண்டும். ஆலோசனைக் குழு என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மறுத்தால்? அதே சட்டம் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்கிறது. சுடுகாட்டுப் பாதைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இருபது பேர்.