காணிக்கைக்கு முன் கூலி



டிசம்பர் 31 இரவு நன்றித் திருப்பலியில் ஆண்டு முழுவதும் பெற்ற வரங்களுக்காக நன்றி கூறிக் காணிக்கை செலுத்துகிறோம். அப்போது நம் டெல்டா வயல்களில் சம்பாப் பயிர் அறுவடைக்குக் காத்திருக்கும். தை பிறந்த பின்தான் அறுவடை மும்முரமாகும். கையில் பணம் வருமுன்பே நன்றி சொல்வது நம் விசுவாசத்தின் அடையாளம்.

சனவரி முதல் நாள் உலக அமைதி நாளும்கூட. திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிவைத்த இந்நாள் முதன்முதலில் 1968இல் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலியை உயர்த்திக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் அவர்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நீதியின்றி அமைதி இல்லை என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

இன்று காலம் மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வந்து அரிவாளுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் பல ஊர்களில் நடவும் களையெடுப்பும் இன்னும் பெண்களின் கைகளால்தான் நடக்கின்றன. "நெல்லு போட்டதும் தர்றேன்" என்று தள்ளிப்போடும் கூலிப் பாக்கியும் உண்டு. கடன் வாங்கிப் பயிர் செய்யும் சிறு விவசாயியின் சிரமத்தை நான் அறிவேன். ஆனால் அவரைவிட எளியவர் ஒருவர் அவர் வாசலில் காத்திருக்கிறார்.

உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார் இயேசு (மத்தேயு 5:23-24).

எனவே இப்புத்தாண்டில் காணிக்கை உறையை எடுக்குமுன் கூலிப் பாக்கியைத் தீர்ப்போம். உறையில் தொகை குறைந்தாலும் பரவாயில்லை. இறைவன் அதை மகிழ்வோடு ஏற்பார்.

அனைவருக்கும் புத்தாண்டு ஆசீர்!