சங்கிலியா? பரிசோதனையா?

எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால் நம் ஜனங்கள் முதலாவதாகக் கேட்பது, "எந்தப் பேய் பிடித்தது?" என்பதாகும். இரண்டாவதாகக் கேட்பது, "எங்கே கட்டிவைப்பது?" என்பதாகும். அவருக்கு என்ன செய்கிறது என்று அவரையே கேட்பவர்கள் மிகச் சிலரே.

இதன் பலனை ஏர்வாடி காட்டிவிட்டது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன், அங்கு தனியார் நடத்திவந்த மனநோயாளர் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டார்கள். அவர்களை ஓடவொட்டாமல் தடுத்தது நோயா? அல்ல, சங்கிலியே! கட்டியவர்கள், இவர்களில் யாரால் யாருக்கு என்ன அபாயம் என்று பரிசோதித்தா கட்டினார்கள்?

மனச்சிதைவு நோய் கண்டவரெல்லாம் கொலைகாரர் என்பது வெறும் பிரமை. பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுகிறவர்களே அதிகம். அவர்கள் தங்களையே மாய்த்துக்கொள்ளும் அபாயந்தான் பெரிது. சுமார் 100-க்கு 5 பேர் இவ்விதம் மடிகிறார்கள்.

ஆகவே வைத்தியர் நோயின் பெயரைப் பார்த்து அபாயத்தை முடிவு செய்வதில்லை. காதில் குரல் கேட்கிறதா, அது என்ன செய்யச் சொல்லுகிறது, யாராவது கெடுக்க வருவதாகப் பயமுண்டா, சாக நினைப்புண்டா, முன்பு கைநீட்டியதுண்டா, குடி உண்டா, தூக்கம் எப்படி, மருந்தை நிறுத்தியாயிற்றா என்று கேட்கிறார். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பதும் மூடநம்பிக்கையே. இன்றைய நிலை நாளை மாறலாமாதலால் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும்.

2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுத்திருக்கிறது. உடனடி அபாயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல வைத்தியர் அனுமதியுடன், கொஞ்ச நேரம் கட்டுப்படுத்தலாம் என்கிறது.

கட்டிவைக்கும் குடும்பத்தாரை மாத்திரம் நாம் குற்றஞ் சொல்லவில்லை. பயமும் ஏழ்மையும் அவர்களை அப்படிச் செய்விக்கின்றன. வைத்தியத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது சர்க்காரின் கடமை. ஆனால் பூசாரிக்குக் கொடுக்கப் பணம் தேடுகிறவர்கள், மதுரை இராஜாஜி அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறக்கூடாதா? 14416 என்ற இலவச டெலிபோனில் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? அதுவரையில் பூச்சிமருந்தையும் அரிவாளையும் எட்டாமல் பூட்டிவையுங்கள். பூட்டவேண்டியது அவைகளைத்தானேயொழிய, மனிதனை அல்ல.